பூட்டிய வீட்டுக்கு ஒயர்லெஸ் அலாரம்: எது தாங்கும், எது ஊமையாகிவிடும்

கூத்தாநல்லூர், மன்னார்குடி, அதிராம்பட்டினம், கும்பகோணத்து அக்ரகாரங்கள் என்று டெல்டாவில் எந்தப் பக்கம் போனாலும் வருஷத்தில் பத்து மாதம் பூட்டியே கிடக்கும் வீடுகளைப் பார்க்கலாம். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ சென்னையிலோ இருப்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு சித்தப்பாவோ எதிர்வீட்டுக்காரரோ இருப்பார். சுவரைக் கொத்தி ஒயர் இழுக்க வேண்டாம், ஒரே நாளில் மாட்டிவிடலாம் என்பதால் இந்த வீடுகளுக்குப் பலரும் வாங்குவது ஒயர்லெஸ் திருட்டு அலாரம்தான். இந்த விமர்சனம் அந்த வீடுகளை மனதில் வைத்து எழுதியது. ஆள் புழங்கும் வீட்டில் ஒரு சென்சார் பழுதானால் யாராவது கவனித்துவிடுவார்கள். பூட்டிய வீட்டில் அது செத்துப்போனதே தெரியாமல் மாதங்கள் ஓடிவிடும். அதனால் சைரன் எவ்வளவு சத்தம் போடுகிறது என்பது இரண்டாவது கேள்வி. தன் சென்சார்களில் ஒன்று ஊமையாகிவிட்டால் அதைப் பேனல் (எல்லாச் சென்சார்களின் செய்தியையும் கேட்டு சைரனை அடிக்கும் தலைமைப் பெட்டி) தானாகக் கண்டுபிடித்துச் சொல்லுமா என்பதே முதல் கேள்வி.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். பேனலை ஆன் செய்து, கதவு சென்சார் ஒன்றின் பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இது போய்விட்டதென்று பேனல் எப்போது சொல்லும்?" என்று கேளுங்கள். நல்ல செட்டாக இருந்தால் அமைப்பைப் பொறுத்துச் சில நிமிடத்திலோ ஓரிரு மணி நேரத்திலோ சென்சார் தொடர்பில் இல்லை என்று செய்தி வரும். மலிவான செட்டில் எத்தனை நாள் காத்திருந்தாலும் வராது. விலைச்சீட்டைவிட இந்த ஒரு பதில் அதிகம் சொல்லிவிடும்.

சந்தையில் கிடைப்பவை மூன்று வகை. முதல் வகை, சிம் கார்டு போட்டு உங்கள் போனை அழைக்கும் 433 மெகாஹெர்ட்ஸ் ஜிஎஸ்எம் செட். ஒரு பேனல், இரண்டு மூன்று கதவு சென்சார், ஒன்றிரண்டு பிஐஆர் எனப்படும் அசைவுச் சென்சார், இரண்டு ரிமோட், ஒரு குட்டி சைரன் எல்லாம் சேர்த்துச் சுமார் மூவாயிரத்திலிருந்து ஆறாயிரம் ரூபாய்க்குள் வரும். இரண்டாவது, செல்போன் ஆப்பில் ஓடும் வைஃபை அல்லது ஜிக்பீ (ஹப் என்ற சிறு பெட்டி வழியாகச் சென்சார்கள் பேசும் முறை) செட். மூன்றாவது, 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் பேனலும் சென்சாரும் இருவழியாகப் பேசிக்கொள்ளும் செட். இதற்கு நாலைந்து சென்சாரோடு இருபதாயிரத்துக்கு மேல் ஆகும்.

முதல் வகை ஒருவழிப் பேச்சு. கதவு திறந்தால் சென்சார் ஒரு குறியீட்டைக் கத்திவிட்டுத் தூங்கிவிடும். பேனல் கேட்டதா இல்லையா என்று அதற்குத் தெரியாது, அதற்குக் காதும் கிடையாது. கதவை மூட மறந்து பேனலை ஆர்ம் செய்தால்கூட, அதாவது காவலுக்குப் போட்டால்கூட, மறுப்பே இல்லாமல் ஆர்ம் ஆகிவிடும். ஏனென்றால் கதவு இப்போது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்ற செய்தியே அதனிடம் இல்லை. குறியீடும் மாறாதது. குறியீட்டை உருவாக்கும் பழைய பிடி2262 சில்லில் (சிப்) எட்டு முகவரிக் கால்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை, ஆக 6,561 சேர்க்கைதான். இப்போது அதிகம் வரும் ஈவி1527-இல் 20 பிட், அதாவது பத்து லட்சத்துக்கும் மேல். ஆனாலும் ரிமோட்டின் குறியீட்டை ஒருமுறை பதிவு செய்தவர் அதையே திரும்ப அனுப்பி அலாரத்தை அணைத்துவிடலாம். டெல்டாவில் பூட்டை நெம்ப வருபவர் கையில் அந்தக் கருவி இருக்கும் என்று பயப்பட வேண்டியதில்லை என்பது எங்கள் கணிப்பு. செத்த பேட்டரிக்கும் தீர்ந்துபோன ரீசார்ஜுக்கும்தான் பயப்பட வேண்டும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. அலமாரியில் சாமானுக்கு அடியில் அழுந்திக் கிடக்கும் ஒரு ரிமோட் விடாமல் 433-இல் கத்திக்கொண்டிருந்தால், அந்த வீட்டுப் பேனலுக்கு வேறெதுவும் காதில் விழாது. ரிமோட்டைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

இந்த வகைப் பேனல்களில் பெரும்பாலும் இருப்பது 2ஜி மோடம். ஜியோவுக்கு 2ஜி சேவையே இல்லாததால் ஜியோ சிம் இதில் வேலை செய்யாது. ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் மூன்றில் உங்கள் வீட்டுக்குள் எது நன்றாக எடுக்கிறதோ அதைப் போடுங்கள். தெருவில் நின்று பார்க்காமல், பேனல் இருக்கப்போகும் இடத்திலேயே போனை 2ஜி-க்கு மாற்றிப் பாருங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் 4ஜி மோடம் உள்ளதையே கேட்டு வாங்குவது நல்லது. சிம்மின் ரகசிய எண் (PIN) பூட்டை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கரண்டு போய் வந்தவுடன் பேனல் அந்த எண்ணுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். பிரீபெய்ட் சிம் 90 நாள் எந்த உபயோகமும் இல்லாமல் கிடந்தால் எண்ணே பறிபோகலாம். அதற்கு முன்பே, திட்டத்தின் காலம் முடிந்த கணத்தில் வெளியே போகும் அழைப்பு நின்றுவிடும். சைரன் அலறும், போன் போகாது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அடிக்கடி தவறவிடும் ஒன்று: பேனலில் சிங்கப்பூர் எண்ணை முதல் எண்ணாகப் போட்டுவைப்பது. ஐஎஸ்டி வசதியும் அதற்கான இருப்பும் இல்லாத சிம்மிலிருந்து அந்த அழைப்பு போகவே போகாது. முதல் இரண்டு எண்களும் உள்ளூரில், நடந்து வந்து பார்க்கக்கூடியவர்களுடையதாக இருக்கட்டும். அவர்கள் போனில் பேனலின் எண்ணைப் பெயரோடு பதிந்து, தனி ரிங்டோன் வைத்து, தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பிலும் அந்த எண் மட்டும் ஒலிக்கும்படி செய்துவையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். 100, 112 போன்ற அவசர எண்களைப் பேனலில் ஏற்றாதீர்கள். பல்லி ஓடியதற்கெல்லாம் அங்கே மணி அடிக்கும்.

கரண்டுதான் டெல்டாவில் பெரிய பரீட்சை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்தால் கணக்கே வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா கரையைக் கடந்தபோது பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த அளவுக்கு எந்த அலாரமும் தாங்காது. ஒரு முழு நாளையாவது தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்.

மலிவுப் பேனலுக்குள் இருப்பது 7.4 வோல்ட், 800 மில்லி ஆம்பியர்-மணி அளவிலான சின்ன லித்தியம் பேட்டரி. பேனல் 100 மில்லி ஆம்பியர் இழுத்தால் காகிதக் கணக்கில் எட்டு மணி நேரம். இரண்டு கோடை வெந்த பேட்டரியில் அதில் பாதிகூட நிற்காது. இதைவிட மோசமான பழுது ஒன்று இருக்கிறது. ஜிஎஸ்எம் மோடம் டவரோடு பேசும் கணங்களில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். சைரனும் அதே நேரத்தில் அலறினால் தளர்ந்த பேட்டரியின் வோல்டேஜ் சரிந்து, பேனல் அணைந்து மறுபடி எழும். சில பேனல்கள் அப்படி எழும்போது ஆர்ம் இல்லாத நிலையில் எழுகின்றன. கதவு உடைபட்ட அதே நொடியில் அலாரம் தன்னைத்தானே அணைத்துக்கொண்டதுபோல ஆகிவிடும். இதைச் சோதிக்க, அடாப்டரைப் பிடுங்கி நான்கு மணி நேரம் விட்டு, அதன்பிறகு கதவைத் திறந்து பாருங்கள். பிடுங்கின உடனே செய்யும் சோதனையில் எல்லாப் பேனலும் பாஸ் ஆகிவிடும்.

12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி சீல் செய்த பேட்டரி வைக்க இடமுள்ள பேனல் என்றால், 150 மில்லி ஆம்பியர் இழுப்புக்குக் கணக்குப்படி 46 மணி நேரம் வரும். நடைமுறையில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் நம்பலாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, உப்பிப்போவதற்கு முன்பே, மாற்றிவிட வேண்டும்.

ஊருக்குப் போகும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போவது நம் வழக்கம். அலாரம் உள்ள வீட்டில் அது பேட்டரி தீரும் வரைதான் அலாரம் என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பேனலுக்கும் இன்டர்நெட் ரூட்டருக்கும் மட்டும் தனி எம்சிபி போட்டு, மற்றதை இறக்கும்படி செய்யுங்கள். செலவு குறைவு, பலன் பெரிது. இன்வெர்ட்டரை நம்பியிருந்தால் அதன் டியூபுலர் பேட்டரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது டிஸ்டில்டு வாட்டர் பார்க்க ஆள் வேண்டும். வடகிழக்குப் பருவத்து இடிக்குப் பேனலின் அடாப்டர்தான் முதல் பலி, அதனால் சர்ஜ் புரொடெக்டர் உள்ள பிளக்கும் சரியான எர்த்தும் அவசியம்.

வைஃபை செட்டுகளின் பலவீனமும் இங்கேதான். ரூட்டர் இன்வெர்ட்டரில் ஓடினாலும், தெருமுனையில் உள்ள கேபிள்காரரின் பெட்டிக்குக் கரண்டு இல்லாவிட்டால் இணையம் போய்விடும். வைஃபை கதவு சென்சார் பேட்டரியை மிச்சப்படுத்தத் தூங்கிக்கொண்டிருந்து, கதவு திறந்தபின் எழுந்து ரூட்டரோடு கைகுலுக்கி, பிறகுதான் செய்தி அனுப்பும். சில விநாடித் தாமதம் பெரிதில்லை, ஆனால் ரூட்டர் இல்லாவிட்டால் பல செட்டுகளில் சைரன்கூட அடிக்காது. வாங்கும்போதே ரூட்டரை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து பாருங்கள். ஜிக்பீ செட்டில் ஹப் இருப்பதால் இந்த விஷயத்தில் அது கொஞ்சம் மேல். ஆண்ட்ராய்டு போனில் அந்த ஆப்புக்கு பேட்டரி சேமிப்புக் கட்டுப்பாட்டை எடுத்துவிடாவிட்டால், திருட்டுச் செய்தி காலையில் போனைத் திறக்கும்போதுதான் வந்து விழும். கேமராவோடு துணைக்கு வைத்துக்கொள்ள இந்த வகை நல்லதுதான், பூட்டிய வீட்டுக்குத் தனிக்காவலாகப் போதாது.

இனி சென்சார்கள். தேவையில்லாத அலறலில் பெரும்பங்கு பிஐஆர் சென்சாருடையது, அதிலும் முதல் குற்றவாளி பல்லி. சென்சாரின் முகத்தில் ஊர்ந்தால் ஒரு சின்னப் பல்லிகூட அதற்கு எதிரே நடக்கும் ஆளுக்குச் சமம். தீபாவளியை ஒட்டி வயலிலிருந்து விளக்கைத் தேடிப் பச்சைத் தத்துப்பூச்சி கூட்டமாக வரும், அதைத் தின்னப் பல்லி வரும். அதனால் சென்சாருக்குப் பக்கத்தில் ராத்திரி விளக்கு எரியக் கூடாது, சென்சாரின் சிமிட்டும் எல்இடியையும் அணைத்துவிடுங்கள். சுவர் மூலையில் ஒட்ட மாட்டும்போது பின்புற இடுக்கையும் ஒயர் ஓட்டைகளையும் சிலிக்கான் வைத்து அடையுங்கள், எறும்பு உள்ளே குடியேறிவிடும். "செல்லப்பிராணிக்கு அடிக்காது" என்று அட்டையில் போட்டிருப்பது தரையில் நடக்கும் நாய்க்குத்தான். பரணில் தாவும் பூனைக்கு அது செல்லாது.

உயரம் ஏழிலிருந்து எட்டு அடி. குறுக்கே நடப்பவரை பிஐஆர் நன்றாகப் பிடிக்கும், நேராகத் தன்னை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். ஆகவே வாசல் கதவுக்கு நேர் எதிரே மாட்டாமல், கூடத்தின் பக்கவாட்டு மூலையில் மாட்டுங்கள். ஜன்னல் வெயில் தரையில் விழும் இடத்தையும் காற்றில் ஆடும் திரைச்சீலையையும் பார்க்கக் கூடாது.

சித்திரை, வைகாசியில் இன்னொரு சிக்கல் வரும். பிஐஆர் அளப்பது உடம்புச் சூட்டுக்கும் பின்னணிச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. மனிதத் தோல் சுமார் 34 டிகிரி. ஜன்னலெல்லாம் அடைத்த காங்கிரீட் வீட்டுக்குள் சுவரும் அதே சூட்டுக்கு வந்துவிட்டால் சென்சாருக்கு ஆளும் சுவரும் ஒன்றுபோலத்தான் தெரியும். 12 மீட்டர் எட்டும் என்று போட்டிருப்பது பாதியாகக்கூடக் குறையலாம். பின்னணிச் சூட்டுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வெப்ப ஈடுசெய்யும் வசதி உள்ளதை வாங்குங்கள், எதிரே நடந்து பார்க்கும் நடைச் சோதனையை மார்கழியில் செய்து திருப்திப்படாமல் மே மாத ராத்திரி எட்டு மணிக்கு ஒருமுறை செய்யுங்கள். மலிவு பிஐஆர் பலவற்றில் உள்ளே ஜம்பர் என்ற இடம் மாற்றிப் போடும் சின்ன இணைப்பு இருக்கும், ஒருமுறை அசைவைச் சொன்னபின் மறுபடி சொல்ல எவ்வளவு இடைவெளி என்பதற்கு: 5 விநாடி அல்லது 5 நிமிடம். சோதனையின்போது 5 விநாடியில் வையுங்கள், முடிந்ததும் 5 நிமிடத்துக்கு மாற்றுங்கள். மாற்ற மறந்தால் ஆள் புழங்கும் நாட்களில் பேட்டரி சீக்கிரம் தீரும். முதலிலேயே 5 நிமிடத்தில் வைத்துவிட்டுச் சோதித்தால், இரண்டாம் முறை நடக்கும்போது அசையாமல் இருக்கிறதே, பழுது போலும் என்று நல்ல சென்சாரைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

கதவு சென்சார் என்பது காந்தமும், அது விலகினால் உணரும் ரீட் சுவிட்சும்தான். மூடிய நிலையில் இரண்டுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. இரும்பு கேட்டிலும் கிரில்லிலும் காந்தப்புலத்தை இரும்பே உறிஞ்சிவிடும். அங்கே அடியில் மரக்கட்டையோ பிளாஸ்டிக் தட்டோ வைத்து உயர்த்த வேண்டும், ஷட்டருக்குத் தனியாக வரும் கனமான சென்சாரையே போட வேண்டும். மழைக்காலத்தில் மரக்கதவு ஊதும், பங்குனியில் சுருங்கும். கார்த்திகையில் முழுக்கச் சாத்தாமல் நிற்கும் கதவு இடைவெளியைக் கூட்டி, ராத்திரிக் காற்றில் அலாரத்தைக் கிளப்பும். பழைய வீட்டு இரட்டைக் கதவில் எந்தப் பலகை முதலில் திறக்கிறதோ அதில் காந்தத்தையும், அதற்கு நேரே நிலையின் மேல்சட்டத்தில் சென்சாரையும் வையுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் பேட்டரி ஸ்பிரிங் பச்சை பூத்துவிடும், வருஷம் ஒருமுறை தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

ஓட்டு வீட்டில் கதவு சென்சாரை மட்டும் நம்பவே கூடாது. ஓட்டைப் பிரித்தும் முற்றத்துக் கம்பியை வளைத்தும் இறங்குகிறவர் எந்தக் கதவையும் தொடுவதில்லை. கூடத்திலும் கொல்லைப்பக்கத் தாழ்வாரத்திலும் ஒவ்வொரு பிஐஆர் வேண்டும். ஆனால் அவை முற்றத்தைப் பார்க்காமல் உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும். முற்றத்து வெயிலும் மழையும் புறாவும் பட்டால் ஒரு வாரத்தில் வெறுத்துப்போய் அணைத்துவிடுவீர்கள்.

அலைவரிசை எட்டுமா என்பது அடுத்தது. நம் பழைய வீடுகள் முகப்பு இருபது இருபத்தைந்து அடி என்றாலும் நீளம் அடுத்த தெரு வரை போகும். அட்டையில் உள்ள "100 மீட்டர்" திறந்தவெளிக் கணக்கு. சுண்ணாம்புக் காரைச் சுவர் மூன்றைத் தாண்டினால் 20, 30 மீட்டருக்கே திணறும். பீரோ, தகரக் கூரை, இன்வெர்ட்டர் இவற்றுக்குப் பின்னால் பேனலை வைக்காதீர்கள். வாசலுக்குப் பக்கத்திலும் வேண்டாம். உள்ளே வருபவருக்குக் கொடுக்கும் 30 விநாடி அவகாசத்தில் திருடர் பேனலையே உடைத்துவிடலாம். நடு அறையில், கண்ணில் படாத இடத்தில் வைத்து, அவகாசத்தை 15 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் செட் கொண்டுவருகிறவர்கள் அலைவரிசையைப் பாருங்கள். இங்கே உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்கச் செட்டின் 915-க்கு இங்கே அனுமதியில்லை.

சைரனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மீட்டரில் 110 டெசிபெல் என்றால், தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 குறைந்து, 32 மீட்டரில் 80. அதிலும் அடைத்த கதவு கொஞ்சம் தின்றுவிடும். உள்ளே ஒன்று, தன் சொந்தப் பேட்டரியோடு வெளிச்சுவரில் ஒன்று, ஏணி இல்லாமல் எட்டாத உயரத்தில்.

மூன்றாவது வகையான இருவழிச் செட்டுக்கு மேலே சொன்ன பல்லியும் வெயிலும் கதவு ஊதலும் எல்லாம் பொருந்தும். அது வேறுபடுவது ஒன்றில்தான்: ஒவ்வொரு சென்சாரும் குறித்த இடைவெளியில் "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், பேட்டரி குறைந்தால் வாரங்களுக்கு முன்பே தெரிவிக்கும், யாராவது அலைவரிசையை அடைத்தால் அதையும் பேனல் உணரும். திறந்த கதவோடு ஆர்ம் செய்தால் எந்தக் கதவு என்று காட்டும். ஐரோப்பியத் தரமான இஎன் 50131-இல் நான்கு கிரேடு உண்டு, வீட்டுக்குக் கிரேடு 2 என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். பெரும்பாலும் சிஆர்123ஏ லித்தியம் பேட்டரி, பல வருஷம் நிற்கும். ஆனால் உதிரி சென்சாரும் அதே நிறுவனத்துடையதாகத்தான் இருக்க வேண்டும். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ அது கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதை மட்டுமே. 433 செட் ஆள் இருக்கும் வீட்டுக்கு, மாதம் ஒருமுறை ஒவ்வொரு கதவையும் திறந்து பார்க்கும் பொறுமை இருந்தால், கொடுத்த காசுக்கு மோசமில்லை.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஒயர்லெஸ் பக்கமே வர வேண்டாம். பூச்சுக்கு முன்பே ஒவ்வொரு நிலைக்கும் கூடத்து மூலைக்கும் குழாயில் நான்கு கம்பி கேபிள் ஒன்றை இழுத்துவிட்டால், ஒயர் சென்சாரின் பேட்டரியைப் பற்றி ஆயுளுக்கும் யோசிக்க வேண்டியதில்லை. கிராமத்துக் கோயில்களுக்கும் இதையே சொல்வோம். மதிப்புமிக்க செப்புத்திருமேனிகள் திருவாரூர் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விட்டாலும், சன்னதியில் மிச்சம் இருப்பதும் காக்கப்பட வேண்டியதுதான். எண்ணெய்ப் புகையும் வௌவாலும் உள்ள இடத்தில் பிஐஆரைவிடக் கதவில் ஒயர் ரீட் சுவிட்ச் நம்பகமானது.

சாவி வைத்திருப்பவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: ரீசார்ஜ் முடியும் தேதி, ஒவ்வொரு சென்சாரும் எங்கே இருக்கிறது, எந்த மாதம் எந்தப் பேட்டரி. மாதத்தில் ஒருநாள், உதாரணமாக அமாவாசையன்று வீட்டைத் திறந்து பெருக்க வரும்போது, டிஸ்ஆர்ம் செய்யாமல் (காவலை எடுக்காமல்) ஒரு கதவைத் திறந்து போன் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதமும் வேறு கதவு. வீடு பூட்டியிருக்கும் விவரத்தை ஊர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். நடு ராத்திரியில் அலாரம் அழைத்தால் சாவி வைத்திருப்பவர் டார்ச்சோடு தனியாக உள்ளே போய்விடக் கூடாது. தெருவில் நின்றபடியே 112-ஐ அழைத்து, பக்கத்து வீட்டாரை எழுப்பி, வாசலும் கொல்லையும் கண்ணில் படும்படி ஆளுக்கொரு பக்கம் நிற்கச் சொல்லிவையுங்கள்.